ரவியோலி எண்ணெயில் வெடிக்கிறது உங்க கைக்குற்றம் இல்லை

"பொன்னிறமாக வரும்வரை பொரித்தெடுக்கவும்." பொரிச்ச ரவியோலிக் குறிப்புல இந்த ஒரு வரியை எழுதிட்டுக் கையைத் தட்டிட்டுப் போறவங்களை நிக்க வச்சுக் கேக்கணும். எண்ணெய் எவ்வளவு சூட்டுல இருக்கணும்? எத்தனை நிமிஷம்? உள்ள வச்ச பன்னீர் பிச்சுக்கிட்டு எண்ணெய் பூரா கருந்தூளா மிதக்குது, ஓரமெல்லாம் பச்சை மாவா நிக்குது. அதுக்குக் குறிப்புல ஒரு வார்த்தை உண்டா? கடைசியில சமைச்சவங்களுக்குத்தான் கெட்ட பேரு.

முதல்ல இது என்ன பண்டம்னு தெரிஞ்சுக்கணும். ரவியோலிங்கிறது ரெண்டு மெல்லிசு மாவுக்கு நடுவுல பூரணம் வச்சு ஓரத்தை ஒட்டுற இத்தாலியப் பண்டம். இத்தாலியில ரவியோலியைப் பெரும்பாலும் தண்ணியில வேகவச்சுத்தான் சாப்பிடுவாங்க. ரொட்டித்தூள்ல புரட்டிப் பொரிக்கிறது அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரத்துப் பழக்கம். அங்க 'தி ஹில்'ங்கிற இத்தாலியர் பகுதியில இருந்து பரவுனது. பேரு 'டோஸ்டட் ரவியோலி', ஆனா செய்யுறது எண்ணெய்ச் சட்டியிலதான். அந்த ஊர்க் கடையில உறைய வச்ச ரவியோலி பாக்கெட்டாவே கிடைக்கும், பிரிச்சுப் புரட்டிப் போட்டா முடிஞ்சது. அந்தக் குறிப்பை அப்படியே எடுத்து 'ரவியோலி 1 பாக்கெட், ரிக்கோட்டா 1 கப்'னு (பன்னீர் மாதிரி மெத்துனு இருக்கிற இத்தாலியச் சீஸ்) தமிழ்ல எழுதுனா, பாலக்கோட்டுலயும் ஊத்தங்கரையிலயும் இருக்கிறவங்க எந்த மளிகைக் கடையில போய் நிப்பாங்க?

சரி, வீட்டுலயே மாவு பிசைஞ்சு செய்யலாம். ஆனா வெடிக்குதே, ஏன்? தண்ணி. பெரும்பாலும் தண்ணிதான். ஒரு சொட்டுத் தண்ணி ஆவியானா கிட்டத்தட்ட 1700 மடங்கு இடம் கேக்கும். மூடுன மடிப்புக்குள்ள அந்த ஆவிக்கு வழி இல்லாதப்ப எங்க பலவீனமோ அங்க கிழிச்சுக்கிட்டு வெளிய வரும்.

நம்ம வீட்டுச் சோமாசை எடுத்துப் பாருங்க. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுற வீட்டுல கஜ்ஜிக்காய், கன்னட வீட்டுல கர்ஜிக்காய். தீபாவளிக்கு நூறு சுட்டாலும் ரெண்டு கூட வாய் பிளக்காது. மாவை ஒட்டுற நேர்த்தி ஒரு பக்கம், ஆனா முக்கியக் காரணம் உள்ள இருக்கிறது பொட்டுக்கடலைப் பொடியும் சர்க்கரையும் வறுத்த தேங்காயும். எல்லாம் காய்ஞ்ச சரக்கு. ரவியோலிக்குள்ள பன்னீரும் கீரையும் போகுது, ரெண்டும் தண்ணி மூட்டை. இதைச் சொல்லாம 'பூரணத்தை நடுவில் வைத்து மூடவும்'னு எழுதுறது என்ன நியாயம்?

பாலக்கீரை ஒரு கட்டு, 200 கிராம், தண்ணி ஊத்தாம வாணலியில ரெண்டு நிமிஷம் வதக்குங்க. ஆறுனதும் துணியில கட்டி முறுக்கிப் பிழியுங்க. மொத்தக் கீரையும் ஒரு எலுமிச்சம்பழ அளவு உருண்டையா வந்து நிக்கணும், அதுக்கு முன்னாடி விடக்கூடாது. பன்னீர் 150 கிராம் துருவி, அதையும் துணியில வச்சு அழுத்தணும். மிளகுத்தூள் அரை ஸ்பூன், நசுக்குன பூண்டு ரெண்டு பல். பொட்டுக்கடலைப் பொடி ஒரு மேசைக்கரண்டி கட்டாயம், மிச்ச ஈரத்தை அது குடிச்சுக்கும். உப்பு கடைசியில, மாவுல வைக்கப் போற நேரத்துலதான். முன்னாடியே உப்புப் போட்டு வச்சா கீரையும் பன்னீரும் திரும்பத் தண்ணி விடும், பிழிஞ்சதெல்லாம் வீண். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில அழுத்திப் பாருங்க, கை நனைஞ்சா இன்னும் தயாராகலைன்னு அர்த்தம். 'சீஸ் கியூபை அப்படியே உள்ள வைங்க'ன்னு சொல்றதையும் கேக்காதீங்க. உருகுன சீஸுக்கு ஊசி முனை ஓட்டை போதும், வெளிய வந்துடும்.

மாவு: மைதா 200 கிராம், சன்ன ரவை 50 கிராம், முட்டை 2, தண்ணி ரெண்டு மேசைக்கரண்டி, உப்பு அரை ஸ்பூன். முட்டை வேணாம்னா 125 மில்லி தண்ணியும் ஒரு ஸ்பூன் எண்ணெயும். பூரி மாவை விடக் கெட்டியா இருக்கணும். பத்து நிமிஷம் பிசைஞ்சு ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்க, இல்லைன்னா தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். சோடா உப்பு ஒரு சிட்டிகை கூட வேணாம். தேய்க்கிற தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். இதையும் யாரும் எழுதுறதில்லை! ஓரத்துல ரெண்டு அடுக்கு சேருது, சப்பாத்தி கனத்துல தேய்ச்சா ஓரம் மட்டும் நாலஞ்சு மில்லிமீட்டர் ஆயிடும். நடுவுல கருகுற வரைக்கும் பொரிச்சாலும் ஓரம் வேகாது.

5 சென்டிமீட்டர் சதுரம், அதுல ஒரு சின்ன ஸ்பூன் பூரணம், சுத்தி ஒரு சென்டிமீட்டர் இடம். விரல்ல தண்ணி தொட்டு ஓரத்துல லேசாத் தடவி, மேல் மாவைப் போட்டு, பூரணத்தை ஒட்டின இடத்துல இருந்து வெளிய பாத்து அழுத்திக் காத்தை வெளியேத்துங்க. வெளி ஓரத்தை முதல்ல ஒட்டிட்டா காத்து உள்ளயே மாட்டிக்கும், அது சூட்டுல விரிஞ்சு ஒட்டுன இடத்தையே பிரிக்கும். அப்புறம் முள்கரண்டியால ஓரத்தை நசுக்கணும். இந்த அளவுக்கு முப்பதுக்கு மேல வரும்.

அடுத்த கோபம் ரஸ்க் தூள் மேல. 'பிரெட் கிரம்ஸ் இல்லைன்னா ரஸ்கைப் பொடிச்சுக்கோங்க'ன்னு கூசாம சொல்றாங்க. பேக்கரி ரஸ்க் ஏற்கெனவே சுட்டது, அதுல சர்க்கரை வேற. எண்ணெய்ல விழுந்த ஒரு நிமிஷத்துக்குள்ள செவந்து கருக ஆரம்பிக்கும், உள்ள மாவு வேக மூணு நிமிஷமாவது வேணும். எப்படி ஒத்துப்போகும்? பேக்கரியில சால்ட் பிரெட் கேட்டு வாங்குங்க. ரெண்டு நாள் பழசாகட்டும், சின்னத் தீயில நிறம் மாறாம மொறுமொறுன்னு காய வச்சு, கொரகொரன்னு பொடிங்க. ரவியோலியை மைதாவுல லேசா ஒத்தி, அடிச்ச முட்டையில முக்கி (சைவத்துக்கு மைதாவும் சோள மாவும் சமமாக் கரைச்ச மோர்ப்பதக் கரைசல்), தூள்ல புரட்டி, பிரிட்ஜ்ல அரை மணி நேரம் வைங்க. அந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்தா பூச்சு எண்ணெய்ல தனியாக் கழண்டு போயிடும்.

எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லைன்னா சால்ட் பிரெட்ல ஒரு விரற்கடை சதுரத் துண்டு போடுங்க, ஒரு நிமிஷத்துல பழுப்பேறணும். அரை நிமிஷத்துல ஏறிட்டா சூடு அதிகம். சூடு கம்மின்னா பூச்சு எண்ணெயை உறிஞ்சிக்கிட்டு நமத்துப் போயிடும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு அஞ்சுக்கு மேல போடாதீங்க, குளிர்ந்த ரவியோலி விழுந்ததுமே சூடு சடசடன்னு இறங்கும். மொத்தம் மூணுல இருந்து நாலு நிமிஷம், நடுவுல ஒரு தடவை திருப்பினாப் போதும். எடுத்ததும் கம்பி வலையில வைங்க. செய்தித்தாள்ல பரப்பவே கூடாது. மையும் ஒட்டும், அடியில தேங்குற ஆவியில மொறுமொறுப்பும் போயிடும்.

இத்தனையும் செஞ்சு முடிச்சிட்டுப் பாட்டில் கெச்சப்பை ஊத்தச் சொல்றாங்க பாருங்க, அங்கதான் தாங்கவே முடியலை. விலை விழுந்தா பறிக்கிற கூலி கூடத் தேறாம ரோட்டோரம் தக்காளியைக் கொட்டிட்டுப் போற மண்ணு இது. ராயக்கோட்டையிலயும் பாலக்கோட்டுலயும் மூட்டை மூட்டையாத் தக்காளி இறங்குது, நமக்கு எதுக்குச் சர்க்கரைக் கெச்சப்? நாட்டுத் தக்காளி பாதி, ஆப்பிள் தக்காளி பாதி, மொத்தம் அரை கிலோ. நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறும் தரும், மத்தது சதை தரும். வெந்நீர்ல ஒரு நிமிஷம் போட்டுத் தோலை உரிச்சு நறுக்குங்க. நாலு பல் பூண்டை எண்ணெய்ல நிறம் மாறாம வதக்கித் தக்காளியைப் போட்டு, உப்பு சேர்த்து, மூடாம 25 நிமிஷம். கரண்டியால சட்டியில கோடு போட்டா ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்கணும்.

இந்த சாஸுக்கு வாசனைக்குப் போடுற பேசில் இலை கிடைக்கலைன்னா துளசி போடலாமாம்! துளசியில கிராம்பு வாடை அடிக்கும், சாஸ் கஷாயமாயிடும். சப்ஜா விதை வர்ற செடி எது? நம்ம திருநீற்றுப்பச்சிலை. அதுவும் பேசிலும் ஒரே இனம்தான், வாசனை மட்டும் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். தோட்டத்துல இருந்தா ஆறேழு இலையைக் கிள்ளி, அடுப்பை அணைச்சப்புறம் போடுங்க.