சிவாஜியை இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள்

சிவாஜி கணேசன் படவிழா நடந்த லட்சணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதாகத் தெரியவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். மாலை, பொன்னாடை, மணிக்கணக்கில் புகழுரை, எல்லாம் இருந்தது. ஆனால் 'பராசக்தி' ஓடியபோது திரையில் தெரிந்தது, இரண்டு பக்கமும் இழுத்து அகலமாக்கிய யாரோ ஒருவர்.

1952-இல் வந்த படம் அது. அதன் சட்டகம் (ஃபிரேம்) உயரம் 1 என்றால் அகலம் 1.37. தமிழுக்கு அகலத்திரையான சினிமாஸ்கோப் வந்ததே 1973-இல், 'ராஜராஜ சோழன்' மூலம்தான். அந்தக் காலப் படத்தை இன்றைய 16:9 (அகலம் 16, உயரம் 9) திரை நிறைய இழுத்தால் முகம் 30 சதவீதம் அகலமாகிவிடும். மறுநாள் 'அந்த நாள்' படத்துக்கு இழுப்பதை விட்டுவிட்டு வெட்டினார்கள். மேலும் கீழுமாக உயரத்தில் ஏறக்குறைய 23 சதவீதம் காலி. நெற்றி போச்சு, இடுப்பருகே அசைகிற கை போச்சு. புருவத்தாலும் விரலாலும் நடித்தவருக்கு அஞ்சலி என்று சொல்லிவிட்டு அவற்றையே வெட்டினால் எப்படி?

"ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள்" என்கிறார்கள் விழா நடத்தியவர்கள். முணுமுணுக்கட்டும். படம் தொடங்குமுன் ஒரு வரி சொன்னால் புரிந்துகொள்வார்கள். "நல்ல பிரதி கிடைக்கவில்லை" என்பது நியாயம், அதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. கீறல் விழுந்த பிரதியைப் பொறுத்துக்கொள்ளலாம். தவறான செட்டிங்கை ஏன் பொறுக்க வேண்டும்? "இலவசம்தானே" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே மனசு வரவில்லை.

ஒலி இன்னும் மோசம். நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படத்தைத் தொலைக்காட்சிக்காக 25-இல் ஓடவிட்ட பிரதிகள் நிறைய உலவுகின்றன. மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிடம் குறையும், திருத்தாவிட்டால் குரலும் ஏறிவிடும். 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தில் சிவாஜி எங்கே நிறுத்துகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதில்தான் நடிப்பே இருக்கிறது. இரைச்சலை நீக்குகிறேன் என்று வடிகட்டியைக் கூட்டி வைத்தால் முதலில் சாவது அந்த மூச்சுதான். பழைய ஒற்றைத்தட ஒலியை நடு ஸ்பீக்கரில் மட்டும் விடுங்கள். சுற்றிலும் எதிரொலி சேர்த்தால் வசனம் குழைந்துவிடும்.

கூட்டம் வருமுன் பத்து நிமிடம் போதும். ஒரு வட்டத்தைத் திரையில் போட்டுப் பாருங்கள். முட்டையாகத் தெரிந்தால் படம் இழுபடுகிறது. தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது மேல் வரியும் கீழ் வரியும் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். 'ஜூம்', 'ஃபில்' இரண்டையும் அணையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்'கையும் அணையுங்கள். பிறகு கடைசி வரிசையில் நின்று ஒரு வசனத்தைக் கேளுங்கள்.

அந்த ஆபரேட்டர் தம்பியைத் திட்டாதீர்கள். மடிக்கணினியைக் கையில் கொடுத்துத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் மேடையில்தான் இருந்தீர்கள். எந்திரத்தில் கார்பன் குச்சிகளை எரித்து வெளிச்சம் உண்டாக்கிய காலத்தில் ஆபரேட்டர் அந்தக் குச்சிகளின் இடைவெளியைக் கவனித்துக்கொண்டே இருப்பார்; விட்டால் வெளிச்சம் மங்கிவிடும். 2,000 அடி ரீல் 22 நிமிடத்தில் தீர்வதற்குள் அடுத்த எந்திரமும் தயாராக இருக்க வேண்டும். அவர்கள் கையால்தான் சிவாஜி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தார். அந்த வேலை செய்தவர்களில் ஒருவரையாவது மேடைக்கு அழைத்தீர்களா?

அடுத்து 'நவராத்திரி' போடுகிறீர்கள். ஒன்பது வேடம், ஒவ்வொன்றுக்கும் நடை வேறு, தோள் வேறு, கை வேறு. புகழுரையில் பத்து நிமிடத்தைக் குறைத்து, அதை ஆபரேட்டரிடம் கொடுங்கள்.