யார் கண்ணுக்கு?

மே 21 சர்வதேசத் தேயிலை தினம். அதற்கு அடிக்கப்போகும் ஒரு சுவரொட்டிக்கு வாசகத்தைத் தமிழில் போட்டுத் தரச் சொல்லி தெரிந்தவர் ஒருவர் கேட்டிருந்தார். "இன்விசிபிள் ஹேண்ட்ஸ் பிஹைண்ட் யுவர் கப்." ஐந்தே சொல். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பதினைந்து வருசமாக இங்கிலீஷ் படிப்பிக்கிறேன், இதில் என்ன இருக்கிறது என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் ஓடிவிட்டது.

பொருளியல் படிப்பிக்கும் நண்பரிடம் காட்டினால், "இது ஆடம் ஸ்மித்தின் கையல்லவா?" என்று சிரிக்கிறார். அந்தப் பொருளியலாளர் 1776இல் வெளியிட்ட தடித்த புத்தகத்தில், தன் இலாபம் தேடுகிறவனையும் ஊருக்கு நன்மை செய்ய வைக்கும் அந்த 'இன்விசிபிள் ஹேண்ட்' ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறதாம். அவருடைய பாடத்தில் இன்னொரு இன்விசிபிளும் உண்டு. கப்பலேறும் தேயிலை கட்புலனாகும் வர்த்தகம். சேவைகளும் வெளிநாட்டிலிருந்து வரும் உழைப்புப் பணமும் கட்புலனாகாதவை. தாய் பறித்த கொழுந்து ஒரு பக்கம், மகள் குவைத்திலிருந்து அனுப்பும் காசு மறுபக்கம். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரே குடும்பந்தான்.

சரி, 'இன்விசிபிள்' என்ற சொல்லுக்கு வருவோம். பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. விசா, வீடியோ எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். முன்னால் 'இன்' வந்து ஒட்டியதும் பார்க்கவே முடியாதது என்றாகிவிடுகிறது. பிள்ளைகள் இதையும் 'அன்சீன்' என்பதையும் போட்டுக் குழப்புவார்கள். நிலாவின் மறுபக்கம் 1959இல் லூனா 3 விண்கலம் படமெடுக்கும்வரை அன்சீன்தான். ஒருநாளும் இன்விசிபிளாக இருந்ததில்லை. அங்கே போய்ப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அசல் இன்விசிபிளுக்கு நம்ம மலையிலேயே சாட்சி இருக்கிறது. 1869இல் பெயர் வைக்கப்பட்ட அந்தக் கோப்பித் துரு நோய். இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் படிந்த பிறகு எல்லாருக்கும் தெரியும். காற்றில் வந்த பூஞ்சையின் தனி வித்தியை வெறுங்கண்ணால் யாரும் பார்த்திருக்க முடியாது. தோட்டத்தை நடத்தும் துரை கண்ணுக்கும் தெரியாது, வேலையை மேற்பார்க்கும் கங்காணி கண்ணுக்கும் தெரியாது. கோப்பி போய்த் தேயிலை வந்தது அந்தத் தூசியால்தான்.

கொழுந்து பறிக்கிற கை அந்த வகையா? வெள்ளைக்காரன் காலத்து அஞ்சலட்டையிலிருந்து இன்றைய தேயிலைப் பெட்டிவரை இந்த நாட்டில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட கை அதுவாகத்தான் இருக்கும். நானுஓயா ரயில் பாதையோரம் நின்று பாருங்கள், சன்னலுக்குச் சன்னல் கேமரா. 1948இல் தோட்டத் தமிழர்களான நம் பிரஜாவுரிமையைப் பறித்ததுகூட நாம் கண்ணில் படாததாலா? 1947 தேர்தலில் தோட்டத்து வாக்கு எங்கே விழுந்தது என்று நன்றாகப் பார்த்த பிறகுதானே.

எனக்கு அந்தச் சொல்லில் உள்ள எரிச்சல் இதுதான். இங்கிலீஷில் 'இன்விசிபிள் டு' என்று போட்டு, யாருக்கு என்று சொல்ல இடம் இருக்கிறது. கருத்தரங்குகளில் அந்த 'டு' மட்டும் எப்படியோ கழன்று விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது 'இன்விசிபிள் கம்யூனிட்டி'. ஏதோ நாமே மூடுபனிக்குள் பிறந்துவிட்ட மாதிரி. தமிழில் அப்படித் தப்ப முடியாது. 'கண்ணுக்குத் தெரியாத' என்று எழுதியதுமே கண் ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. யார் கண்?

அம்மாவிடம் கேட்டேன். முப்பது வருசத்துக்கு மேல் மலையில் நின்றவர்.

"தெரியாமயா? அஞ்சு நிமிசம் பிந்துனா கங்காணிக்குத் தெரியும். ரெண்டு கிலோ குறைஞ்சா நிறுக்கிறவருக்குத் தெரியும். சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கிலோவைக் கழிக்கிறப்பத்தான் யாருக்கும் கண்ணு தெரியாது."

வெளியூர் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். சொன்ன கிலோ வந்தால் முழுப்பேர், வராவிட்டால் அரைப்பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலிருந்து பொழுது சாயும்வரை மழையில் இடுப்பில் படங்குத் துணி கட்டி நின்ற முழு மனுசி, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அரை ஆளாகப் பதிவாகிறாள். சின்ன வயதில் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததுமே அன்று முழுப்பேரா அரைப்பேரா என்று எனக்கு முகத்தில் தெரியும். அரைப்பேர் நாளில் கூடையைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். அவரைப் பார்க்காமலா பாதியாக்கினார்கள்? பார்த்து, நிறுத்து, எழுதித்தான் பாதியாக்கினார்கள்.

இதற்கு நம்மிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது. கண்டும் காணாமல் இருப்பது. கண்டவன் ஒருவன் அதற்குள்ளேயே நிற்கிறான். "நீங்கள் கண்டும் காணாத கைகள்" என்று எழுதி அனுப்பினேன். சுவரொட்டி கேட்டவர் நல்ல மனிதர், உடனே போன் எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா வாசிக்கிறவங்களைக் குத்துற மாதிரி இருக்கே?" என்றார். குத்தட்டும் என்றுதானே எழுதினேன். சொல்லவில்லை.

கடைசியில் "கண்ணுக்குத் தெரியாத கரங்கள்" என்றே அச்சாகி வந்தது. கீழே, முக்கால் பக்கத்துக்கு, கொழுந்து கிள்ளும் இரண்டு கைகள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதே. ஆனா இது பறிக்கிற புள்ள இல்லப்பா. வெரல்ல கறையே இல்ல பாரு."