வீடியோ ஓடினால் பாடம் நடந்துவிடுமா?

வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் உருப்படியாக எதையாவது கற்றுக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் தேட ஆரம்பித்தால், முதலில் கண்ணில் அறைவது மணிக்கணக்குதான். "அறுபது மணி நேர வீடியோ! வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம்!" ஐயா, எனக்கு எதற்கு அறுபது மணி நேரம்? அறுபது மணி நேரம் கழித்து எனக்கு என்ன செய்ய வரும் என்று ஒரு வரி எழுதுங்களேன். அதை மட்டும் எந்த விளம்பரத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

சரி என்று சேர்ந்து உள்ளே போனால் நடப்பது என்ன? புரோகிராமிங் கோர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீடியோவில் ஆசிரியர் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வார். இரண்டாவது வீடியோ, இந்தக் கோர்ஸை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கான வீடியோ. மூன்றாவது முடிவதற்குள், இன்னும் ஒரு வரிகூடக் கற்றுத்தராத நிலையில், ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு பெட்டி வந்து குதிக்கும். எதற்கு ஐந்து நட்சத்திரம்? வணக்கம் சொன்னதற்கா?

அப்புறம் அவர் டைப் செய்வார், நாம் பார்ப்போம். "நீங்களும் என்னோடு சேர்ந்து டைப் செய்யுங்கள்" என்பார். செய்தால் ஓடும். ஆஹா, நமக்கும் வருகிறதே என்று தோன்றும். வீடியோவை மூடிவிட்டு ஒரு காலிப் பக்கத்தைத் திறந்து அதே புரோகிராமை நீங்களாக எழுதிப் பாருங்கள். கை அசையாது. அவர் கையில் இருந்த வித்தை அவர் கையிலேயே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தண்டால் எடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் நம் தொப்பை குறையுமா?

நடுவில் வினாடி வினா என்று ஒன்று வைப்பார்கள் பாருங்கள், அதுதான் உச்சம். நான்கு விடைகள் இருக்கும், அதில் எது நீளமோ அதுவே சரி. தப்பாகத் தொட்டாலும் மோசமில்லை, பச்சை நிறம் வரும்வரை மாற்றி மாற்றித் தொடலாம். வீடியோவைப் பார்க்காமலே "அடுத்தது, அடுத்தது" என்று தட்டிக்கொண்டே போனாலும் எவ்வளவு முடித்தோம் என்று காட்டும் பட்டை நூறு சதவீதத்துக்கு ஏறிவிடும். கடைசியில் ஒரு சான்றிதழ். பெயரை நாம் எப்படி அடிக்கிறோமோ அப்படியே அச்சாகி வரும்.

பார்த்தால் மட்டும் மண்டையில் நிற்காது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு குழு அதையே நான்கு சுற்று திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு சுற்று படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப்பார்ப்பதை மூன்று சுற்று செய்தது. ஒரு வாரம் கழித்து, நான்கு சுற்று படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். எழுதிப்பார்த்தவர்களுக்குச் சுமார் 61. இதில் வேடிக்கை, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் அந்த நான்கு சுற்று படித்தவர்கள்தான். வீடியோ கோர்ஸ் வியாபாரம் மொத்தமும் இந்த நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. புரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பிறகு ஏன் பயிற்சி வைக்க மாட்டேன் என்கிறார்கள்? வேலை அதிகம், வேறென்ன. வீடியோவை ஒரு முறை எடுத்துவிட்டால் வருடக்கணக்காக விற்கலாம். பயிற்சி என்றால் நல்ல கணக்கு ஒன்றை யோசித்து உருவாக்க வேண்டும், விடையைத் திருத்த ஏற்பாடு செய்ய வேண்டும், மாட்டிக்கொண்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். போதாததற்கு, சில சந்தாத் தளங்களில் நாம் எத்தனை நிமிடம் பார்த்தோம் என்பதை வைத்துத்தான் ஆசிரியருக்குப் பங்கே போகிறது. அப்படியிருக்க, அவர் ஏன் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதை இருபத்தைந்து நிமிடத்துக்கு இழுக்க மாட்டார்?

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது இதற்கடுத்த விஷயத்தில்தான். கோர்ஸெரா, எட்எக்ஸ் என்ற இரண்டு ஆன்லைன் பாடத் தளங்களும் 2012-ல் தொடங்கியபோது, உலகத்தின் பெரிய பல்கலைக்கழகப் பாடங்கள் இனி எல்லோருக்கும் இலவசம் என்று ஊரே கொண்டாடியது. அதற்கு முந்தைய வருடம் கோர்ஸெராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஆண்ட்ரூ இங் ஆன்லைனில் நடத்திய மெஷின் லேர்னிங் (தரவுகளைப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்வது) பாடத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் சேர்ந்தார்கள். அதில் வாரா வாரம் புரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும், கணினியே திருத்தி மதிப்பெண் போடும், காசு கிடையாது. இன்றைக்கு? பல பாடங்களில் இலவசமாகச் சேர்ந்தால் வீடியோ மட்டும் கிடைக்கும், மதிப்பெண் போடும் அசைன்மென்ட்டுக்குப் பூட்டு. எட்எக்ஸ் 2018 கடைசியில் இந்தப் பூட்டை மாட்டியது. அதாவது எதில் சரக்கு இருக்கிறது, எதில் இல்லை என்பது விற்பவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது. சரக்கில்லாததைச் சும்மா கொடுத்துவிட்டு, இருப்பதற்கு விலை போடுகிறார்கள். நம் ஆட்கள் மட்டும் இன்னும் "இத்தனை மணி நேர வீடியோ" என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள்.

இதற்கு நடுவில் நமக்கு ஒழுக்கம் போதிக்க ஒரு கூட்டம். அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் பாடங்களில் 2017-18-ல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் முடித்தார்கள் என்று 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. அந்த எண்ணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "பாருங்கள், யாருக்கும் விடாமுயற்சி இல்லை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்தின் உள்ளேயே நுழையவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பட்டனை ஒரே ஒரு முறை தட்டிச் சேரலாம் என்றால் தட்டத்தான் செய்வார்கள். அதற்கும் சோம்பேறித்தனத்துக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல பாடமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, அதுவும் காசில்லாமல். பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் 1999-ல் எம்.ஐ.டி.யில் நடத்திய நேரியல் இயற்கணித (லீனியர் அல்ஜீப்ரா) வகுப்பைப் பாருங்கள். கரும்பலகை, சாக்பீஸ், ஒரு மனிதர். கிராஃபிக்ஸ் கிடையாது, பின்னணி இசை கிடையாது. ஆனால் எம்.ஐ.டி.யின் இலவசத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேரில் வீட்டுப்பாடக் கணக்குகளும் தேர்வுத் தாள்களும் விடைகளோடு இருக்கின்றன. சொந்தமாகப் போட்டுப் பார்த்து, எங்கே தப்பு என்று நாமே கண்டுபிடிக்கலாம். ஹார்வர்டின் கணினி அறிவியல் அறிமுகப் பாடமான சி.எஸ்.50-ல் பேராசிரியர் டேவிட் மேலன், தேடுவதைப் பாதி பாதியாகச் சுருக்கலாம் என்று விளக்கத் தொலைபேசிப் புத்தகத்தை இரண்டாகக் கிழித்துக் காட்டுவதைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் அசைன்மென்ட். மரியோ விளையாட்டில் வருகிற படிக்கட்டை எழுத்துகளால் திரையில் வரைய வேண்டும். ஒரு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் திருத்தும் நிரல் "தப்பு" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். யாரும் முதுகில் தட்டிக்கொடுக்க மாட்டார்கள். அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு அந்தப் படிக்கட்டு நேராக நின்றால், அந்தச் சமாச்சாரம் அப்புறம் மறக்காது.

ஆனால் "வீட்டிலிருந்தே கற்க வேண்டிய பத்து கோர்ஸ்கள்" என்று பட்டியல் போடுகிறவர்களிடம் இந்தத் தகவல் ஒன்றாவது இருக்கிறதா? பயிற்சி உண்டா, யார் திருத்துகிறார்கள், இலவசமாகச் சேர்ந்தால் எது பூட்டியிருக்கும், ஒன்றும் இருக்காது. பெயர், படம், நட்சத்திரம், கீழே கமிஷன் வருகிற இணைப்பு. அடுத்த முறை யாராவது எனக்கு அப்படி ஒரு பட்டியலை அனுப்பினால், அதில் நீங்கள் போட்ட கடைசிக் கணக்கைக் காட்டுங்கள் என்றுதான் திருப்பிக் கேட்கப்போகிறேன்.