ஹெல்சிங்கி – டோக்கியோ எத்தனை கிலோமீட்டர்?

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தேடினால் பட்டென்று ஓர் எண் வந்துவிடுகிறது. எந்த வழியாக என்று யாரும் கேட்பதில்லை. புவியியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்வேன். சுவர் வரைபடத்தில் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியையும் ஜப்பானின் டோக்கியோவையும் அடிக்கோல் வைத்து இணைக்கச் சொன்னால் கோடு கஜகஸ்தான், மங்கோலியா பக்கம் போகும். அப்புறம் 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டையை மேசையில் வைப்பேன். ஒரு பிள்ளை தையல் நூலின் ஒரு முனையை ஹெல்சிங்கியில் அழுத்திப் பிடிக்க, இன்னொரு பிள்ளை மறு முனையை டோக்கியோவில் வைத்துத் தொய்வில்லாமல் இழுப்பாள். நூல் தானாக வடக்கே நழுவிப் போய் சைபீரியாவின் மேல் படியும். அளந்தால் பதினெட்டரை செ.மீ., அதாவது சுமார் 7,800 கி.மீ. இணையம் சொல்லும் எண்ணும் இதுதான்.

ஆனால் இன்று பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் விமானம் அந்த நூலின் மேல் பறக்க முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடிவிட்டன. ஒன்பதரை மணி நேரப் பயணம் கிட்டத்தட்ட 13 மணி நேரமானது. ரஷ்யாவுக்குத் தெற்கே சுற்ற வேண்டும், இல்லையென்றால் வட துருவத்தைக் கடந்து அலாஸ்கா பக்கமாக இறங்க வேண்டும். துருவம் வழியாகப் பிடித்தால் நூல் 25 செ.மீ. ஆகிவிடுகிறது. 1983-லும் இதே நிறுவனம் சோவியத் வான்வெளியைத் தவிர்க்கத்தான் துருவத்துக்கு மேலே டோக்கியோவுக்கு இடைநில்லா விமானம் விட்டது. நாற்பது வருடம் கழித்து மறுபடி அதே சுற்று. ஒவ்வொரு நாளும் வீணாக எரியும் எரிபொருளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, அரசியலை விடுங்கள், காற்றும் கணக்கை மாற்றும். டெல்லி – சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கே அட்லாண்டிக் வழியாகப் போனது, சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழிக்கு மாறியதும் அது 15,300 கி.மீ. ஆனது. தூரம் 1,400 கி.மீ. கூடியும் பயண நேரம் ஏறத்தாழ 2 மணி குறைந்தது. வானில் வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். இதைச் சொன்னதும் வகுப்பில் முகங்கள் மலரும். “அப்போ திரும்பி வரும்போது?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

பாடப்புத்தகத்தில் தூரத்தைச் சொன்னால் வழியையும் நேரத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயணச்சீட்டு விற்கும் செயலிகளும் அப்படியே காட்டட்டும். நிறையப் பள்ளிகளில் உலக உருண்டை அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஆசிரிய நண்பர்களே, நாளைக்கே அதை வெளியே எடுங்கள். கூட ஒரு நூல்கண்டு போதும்.