முதல் கறுப்பின வெற்றியாளர் பப்பா வாலஸ் இல்லை

"நாஸ்கார் கப் பந்தயத்தில் ஜெயித்த முதல் கறுப்பின ஓட்டுநர் பப்பா வாலஸ்" என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது (நாஸ்கார் என்பது அமெரிக்காவின் கார் பந்தய அமைப்பு, கப் அதன் உச்சப் பிரிவு). தவறு. வாலஸ் 2021 அக்டோபரில் டாலடேகாவில் வென்றது உண்மை, அருமையான வெற்றி, ஆனால் அவர் இரண்டாமவர்.

முதல் ஆள் வெண்டல் ஸ்காட். வர்ஜீனியாவின் டான்வில்லைச் சேர்ந்த மெக்கானிக். 1952இல் உள்ளூர் மண் தடங்களில் ஓட்டத் தொடங்கி, மாநில அளவில் பட்டம் வென்று, 1961இல்தான் நாஸ்காரின் உச்சப் பிரிவுக்கு வந்தார். பெரிய ஸ்பான்சர் யாரும் கிடையாது, பழைய கார்களை வாங்கி மகன்களோடு சேர்ந்து தானே பழுது பார்த்து ஓட்டியவர்.

1963 டிசம்பர் 1, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். மற்ற எல்லோரையும்விட இரண்டு சுற்று முன்னால் இருந்தார் ஸ்காட், ஆனாலும் வெற்றியாளருக்கு அசைக்கும் கொடி அவருக்கு விழவில்லை, பக் பேக்கர் என்ற இன்னொரு ஓட்டுநர் வென்றதாக அறிவித்துக் கோப்பையையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். சில மணி நேரம் கழித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, சுற்றுகளை எண்ணியதில் பிழை என்று ஒத்துக்கொண்டார்கள். இந்தக் குழப்பத்தை வைத்து "அது அதிகாரபூர்வ வெற்றி இல்லையே" என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதுவும் தவறுதான், நாஸ்கார் பதிவேட்டில் அந்த வெற்றி ஸ்காட் பெயரில்தான் இருக்கிறது.

உரிய கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். அவர் 1990லேயே இறந்துவிட்டார். எனக்கு ஆறாத விஷயம் அது. அதனால், அந்தப் பதிவைப் பகிர்ந்திருந்தால் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.