ஊர்ப் பெயரில் பாட்டுப் பட்டியல்: அது யாருடைய ஊர்?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சொந்தமாகப் பாட்டெழுதி, வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்து, யூடியூப்பிலும் ஸ்பொட்டிஃபையிலும் ஏற்றுகின்ற இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் பாடலையும் நண்பர்களின் பாடல்களையும் ஒன்றாகச் சேர்த்து, மாவட்டத்தின் பெயரையே தலைப்பாக வைத்து, கல்லடிப் பாலத்தையோ ஒரு மீனையோ அட்டைப்படமாகப் போட்டு, அந்தப் பிளேலிஸ்ட்டை முகநூலில் பகிர்கிறார்கள். விருப்பக்குறிகள் குவிகின்றன, கேட்பவர்கள் மட்டும் கூடுவதில்லை. "லைக் போடுற ஆக்கள் ஏன் மனே பாட்டைக் கேக்கிறாங்க இல்ல?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டதற்கு எழுதும் நீண்ட பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயர் தாங்கிய பட்டியல் ஓர் இசைக்குப் பிரதேச ரசிகர்களைச் சேர்த்துத் தரும் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் அது உள்ளூர்ப் பாடகர்களின் வரவு இடாப்பாக இருக்கும்வரை அப்படி எதுவும் நடக்கப்போவதில்லை.

பாட்டையும் ஊரையும் சேர்த்துச் சொல்வது நமக்குப் புதிதல்ல. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வீட்டுக்கு வீடு ஒலித்த காலத்தில், நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் பாட்டுக்கு முன்பாகப் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. தபாலட்டை எழுதிப் போட்டவர் தன் பெயருக்காகக் காத்திருந்தார். அந்த ஊர்க்காரர் எல்லோரும் தங்கள் ஊரின் பெயருக்காகக் காத்திருந்தார்கள். அங்கே வாசிக்கப்பட்டது பாடியவரின் ஊர் அல்ல, கேட்டவரின் ஊர். பாடியவர் சென்னையில் இருந்தார், கேட்டவர் ஓட்டமாவடியிலோ திருக்கோவிலிலோ இருந்தார். ஆயினும் அந்த மூன்று நிமிடத்துக்கு அந்தப் பாட்டு ஓட்டமாவடியின் பாட்டாக இருந்தது. இன்றைய பட்டியல்கள் இதைத் தலைகீழாக்கி, பாடகர் பிறந்த ஊரைத் தலைப்பில் எழுதிவிட்டு, கேட்பவர் எந்த ஊரில் என்ன செய்துகொண்டு பாட்டுக் கேட்கிறார் என்பதை யோசிக்காமல் விட்டுவிடுகின்றன.

ஆகவே மட்டக்களப்புப் பட்டியல் என்றால், மட்டக்களப்பு கேட்கின்ற பாட்டுகளின் பட்டியலாக அது இருக்க வேண்டும். ஒரு தனியார் பஸ்ஸில் ஏறி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தால் என்ன கேட்கும்? எண்பதுகளின் சினிமாப் பாட்டு, நேற்று வந்த சினிமாப் பாட்டு, இடையிடையே நம் பழைய பொப்பிசை. அந்த வரிசைக்கு நடுவே நான்கு பாட்டுக்கு ஒன்றாக உள்ளூர்ப் பாடல் வரட்டும். இப்படிச் சொன்னால் உடனே ஒரு கோபம் வரும்: சினிமாப் பாட்டுக்கு நாங்கள் ஏன் இலவச விளம்பரம் செய்ய வேண்டும்? அதற்கு அந்த விளம்பரம் தேவையில்லை என்பது உண்மைதான். தேவை நமக்குத்தான். பெயர் தெரியாத பன்னிரண்டு பாடகர்களின் பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால், பாசத்தினால் இரண்டைக் கேட்டுவிட்டு மூன்றாவதில் எவரும் நிறுத்திவிடுவார். தெரிந்த இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் தெரியாத ஒன்று வந்தால் அதை ஓடவிடுவார்.

இயந்திரத்தின் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஸ்பொட்டிஃபை போன்ற செயலிகள் ஒரு பாட்டை யாருக்குப் பரிந்துரைப்பது என்று முடிவெடுக்கும்போது, அந்தப் பாட்டு வேறெந்தப் பாட்டுகளோடு ஒரே பட்டியல்களில் இருக்கிறது, அதைக் கேட்டவர்கள் வேறு எவற்றைக் கேட்டார்கள், முழுவதும் கேட்டார்களா, தாண்டினார்களா, சேமித்தார்களா என்பவற்றையெல்லாம் பார்க்கின்றன. கேட்போர் இல்லாத பன்னிரண்டு பாட்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றால், அவற்றை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்கு இயந்திரத்துக்கு எந்தத் தடயமும் கிடைப்பதில்லை. முப்பது விநாடி ஓடினால்தான் ஸ்பொட்டிஃபையில் அது ஒரு தடவை கேட்டதாக எண்ணப்படுகிறது. அதற்காக உடுக்கின் நீண்ட முன்னிசையை வெட்டி எறியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாட்டைப் பட்டியலின் முதலாவது இடத்தில் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

இனி எல்லை. அம்பாறை 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரி பிரிந்ததனால் காது பிரிந்துவிடவில்லை. களுவாஞ்சிக்குடியில் மேடையேறும் ஓர் இசைக்குழு கல்முனையிலும் காரைதீவிலும் அக்கரைப்பற்றிலும் மேடையேறுகிறது. அந்தக் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. முஸ்லிம் ஊர்களின் றபான் மேளமும் பொல்லடி ஆட்டப் பாட்டும் வராத பட்டியலுக்குக் கிழக்கின் பெயரைச் சூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 2012 கணக்கெடுப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரும் அம்பாறையில் 6 இலட்சத்துக்கு மேற்பட்டோரும் வாழ்ந்தார்கள். அம்பாறையின் சிங்களப் பிரதேசங்களைக் கழித்துப் பார்த்தாலும், தமிழில் பாட்டுக் கேட்கும் ஒரு பெரிய தொகை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாவட்டத்தை விட்டுவிட்டு, வாழைச்சேனை முதல் பொத்துவில் வரையான கரையை ஒரு பட்டியலாகவும், படுவான்கரையை வேறொரு பட்டியலாகவும் யாராவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வாவிக்கு மேற்கே வயல் வேலையோடும் கோவில் சடங்கோடும் வளர்ந்த கேள்வி ரசனை, நகரத்து ரசனையிலிருந்து வேறானது.

ஊரைப் பாட்டின் வரிகளுக்குள் திணிப்பதும் ஊரிசை ஆகிவிடாது. வாவி, தென்னை, மீன் பாடும் தேன்நாடு என்ற மூன்றும் வந்துவிட்டால் அது மட்டக்களப்புப் பாட்டு என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். காதல் தோற்ற ஒருவனைப் பற்றி, எந்த ஊரின் பெயரும் இல்லாமல், ஏறாவூரில் ஒருவர் நல்ல பாட்டொன்றைச் செய்தால் அதுவும் இந்த மண்ணின் பாட்டுத்தான்.

புள்ளிவிபரம் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். அது கலைஞர்களுக்கென்று தரும் தனிச் செயலியில், நம் பாட்டை எந்த நகரத்தில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்க்கலாம். அதைத் திறந்து பார்க்கும் நம்மவர்கள், கொழும்பு மேலே நிற்பதையும் மட்டக்களப்பு எங்கோ கீழே கிடப்பதையும் கண்டு சோர்ந்துபோகிறார்கள். சோர்வதற்கு முன் ஒன்றை நினைக்க வேண்டும். இணையத்தில் ஒருவரின் இடம் பெரும்பாலும் அவருடைய இணைப்பின் ஐபி முகவரியைக் கொண்டே ஊகிக்கப்படுகிறது. கைபேசி டேட்டாவில் அந்த முகவரி, கேட்பவர் நிற்கும் ஊரைக் காட்டாமல், தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பு இணையத்தோடு சேரும் இடத்தைக் காட்டிவிடுவது சாதாரணம். ஆகவே கொழும்பு என்று காட்டப்படுபவர்களில் ஒரு பங்கினர் ஆரையம்பதியில் மரத்தடியில் இருந்து கேட்பவர்களாகவும் இருக்கலாம். நகரப் பட்டியலை அப்படியே நம்பி, "எங்கட ஊர் எங்களைக் கைவிட்டுவிட்டது" என்று பதிவு போடுவது அவசரம். நிகழ்ச்சி நடக்கும் மண்டப வாசலில் பட்டியலின் கியூஆர் குறியீட்டை ஒட்டிவிட்டு, அந்தக் கிழமையில் எண்ணிக்கை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் அதைவிட உருப்படியான தகவல் கிடைக்கும். யூடியூப்பில் ஒரு காணொளிக்குப் பார்வைகள் எந்த வழியாக வந்தன என்ற பகுதியில், பிளேலிஸ்ட் வழியாக வந்தவை தனியாகக் காட்டப்படும், அதையும் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சுவிஸ், கனடா, இலண்டன், கட்டார் என்று பரந்திருப்பவர்கள் ஊர்ப் பெயரைக் கண்டவுடன் தட்டிக் கேட்பார்கள். சந்தாக் கட்டணம் கூடிய நாடுகளிலிருந்து வரும் ஒரு கேட்பு, இலங்கையிலிருந்து வரும் ஒன்றைவிடப் பொதுவாக அதிக வருமானமும் தரும். அதனால் அவர்களுக்காகவே ஊர்நினைவுப் பட்டியல் போடும் ஆசை எழுவது இயல்பு. நான் அதை ஆதரிக்கவில்லை. ஊரை நினைத்து ஏங்குபவருக்கு, ஊரில் இப்போது என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதில்தான் ஆசை அதிகம். பழைய நினைவு அவரிடம் ஏற்கனவே போதிய அளவு இருக்கிறது. இங்குள்ளவருக்காகச் செய்த பட்டியலை அங்குள்ளவரும் கேட்பார். அங்குள்ளவருக்காகச் செய்ததை இங்கு எவரும் கேட்பதில்லை. கடைசியில் மண்டபத்தின் கதிரைகளை நிரப்ப வேண்டியவர்கள் இங்குள்ளவர்கள்தான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 தடவை கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு ஸ்பொட்டிஃபை உரிமத்தொகை கணக்கிடுவதில்லை. 40 பேர் ஒரு பாட்டை வருடத்துக்கு 25 தடவை கேட்டால் அந்த எண் வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் தனித்தனிக் கேட்போரின் எண்ணிக்கைக்கும் ஒரு கீழ்வரம்பை அவர்கள் வைத்திருக்கிறார்கள், அது எவ்வளவு என்று வெளியிடுவதில்லை. ஆகவே பத்துப் பேர் இரவு பகலாக ஓடவிடுவதால் பயனில்லை. காசு கொடுத்தால் உங்களைப் பெரிய பட்டியலில் சேர்க்கிறோம் என்று உட்பெட்டிக்கு வருபவர்களை விரட்டிவிடுங்கள். அவர்கள் காட்டும் எண்ணிக்கையில் பெரும்பகுதி இயந்திரங்கள் கேட்டதாக இருக்கும். அது பிடிபட்டால் எண்ணிக்கை நீக்கப்படும், விநியோகம் செய்த நிறுவனத்துக்குத் தண்டமும் விழும், அந்தத் தண்டம் சுற்றி உங்களிடமே வந்து சேரும். இலவசமாக இருக்கும் வழியைத்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள்: பாட்டு வெளியாக ஏழு நாட்களுக்கு முன்பே கலைஞர் செயலி வழியாக ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினால், அவர்கள் தெரிவு செய்யாவிட்டாலும், உங்களைப் பின்தொடர்பவர்களின் வாராந்தப் புதுப்பாட்டு வரிசையில் அது இடம்பெறும். வெள்ளி இரவு பாட்டை முடித்துச் சனி காலையில் ஏற்றும் அவசரத்தில் இந்த வாய்ப்பு போய்விடுகிறது.

கூத்துப் பாடல்களைப் பட்டியலில் சேர்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். வடமோடி, தென்மோடி, வசந்தன் என்று எதை எடுத்தாலும், அந்த மெட்டுக்கும் ஆட்டத்துக்கும் பின்னால் ஓர் ஊரும், கூத்தைப் பழக்கும் ஆசானான ஓர் அண்ணாவியாரும் இருக்கிறார்கள். ஒருவர் அதைக் கீபோர்ட் சேர்த்துப் பதிவு செய்து, இசை என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் எழுதி ஏற்றிவிட்டால், பின்னர் அதே ஊர்க்காரர் தங்கள் கூத்துக் களரியில் ஆடிய காணொளியைப் போடும்போது உரிமைக் கோரிக்கை அவர்கள் மேலேயே வந்து விழலாம். விநியோகப் படிவங்களில் ஊருக்கென்று பொதுவாக ஒரு கட்டம் இருப்பதில்லை. அதனால் பட்டியலின் விளக்கக் குறிப்பில் எந்த ஊர்க் கூத்து, எந்த அண்ணாவியார் பழக்கியது என்பதை எழுதுங்கள், அவருடைய சம்மதத்தோடு எழுதுங்கள். கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியேறும் பிள்ளைகளுக்கு இந்த விபரங்கள் கையில் இருக்கின்றன. பட்டியல் போடுபவர்கள் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

பராமரிப்புத்தான் கடினமான வேலை. புதுப்பாட்டுகள் உலகெங்கும் வெள்ளிக்கிழமை வருவதால் பட்டியலையும் வெள்ளியில் மாற்றுவது வழக்கம். நம் கரையில் ஜும்ஆ நாளில் அதைச் செய்யாமல் வியாழன் இரவே முடித்துவிடலாம். ஐம்பது பாட்டுக்கு மேல் வேண்டாம். புதியது வரும்போது பழையது ஒன்று வெளியேற வேண்டும், இங்கேதான் எல்லாப் பட்டியல்களும் செத்துப்போகின்றன, ஏனென்றால் எடுத்துவிட்ட பாட்டின் சொந்தக்காரர் அடுத்த திருவிழா வரை நம்மோடு கதைக்கமாட்டார். ஆகவே சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்: உள்ளூர்ப் பாட்டு எதுவானாலும் மூன்று மாதம் இருக்கும், பிறகு எடுக்கப்படும், பட்டியல் நடத்துபவரின் சொந்தப் பாட்டுக்கும் அதே மூன்று மாதம்தான்.