நிக்கோடெமஸ் இன்னும் ஊர்தான்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள நிக்கோடெமஸ் பற்றிய கட்டுரை அதை 'கைவிடப்பட்ட ஊர்' என்று முடிப்பது எனக்கு ஒப்பவில்லை.

அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877-இல் அமைத்த ஊர் அது. மரமே அரிதான புல்வெளி. வேறு வழியின்றி மண்ணைக் குடைந்து குடியிருந்தார்கள். மறு ஆண்டு வந்துசேர்ந்த வில்லியானா ஹிக்மனிடம், தரையிலிருந்து எழுந்த புகையைக் காட்டி அதுதான் ஊர் என்றாராம் கணவர். அந்த அம்மா அழுதே விட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அப்படியும் அவர்கள் அங்கேயே தங்கினார்கள்! பத்தே ஆண்டுகளில் தேவாலயம், பள்ளி, விடுதி, செய்தித்தாள் எல்லாம் வந்துவிட்டன.

1888-இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போனது. கடைக்காரர்களும் அதன் பின்னாலேயே போனார்கள். கட்டுரை இதோடு நின்றுவிடுகிறது.

இன்று அங்கே நகராட்சி இல்லை, குடியிருப்போரும் மிகச் சிலரே. ஆனால் 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தலம். ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் முன்னோரின் வாரிசுகள் பல மாநிலங்களிலிருந்து விடுதலை விழாவுக்கு வந்து கூடுகிறார்கள். குலதெய்வக் கோயில் கொடைக்கு எங்கிருந்தாலும் ஊர் திரும்புகிற நமக்கு இது புரியாதா? அந்த விழாவைப் பற்றி ஒரு பத்தியாவது சேருங்கள், ஐயா.